உடலோடு உள்ளத்துக்கும் வைத்தியம் எழுதியவர்: அபூ ஸைத் அல்பல்கி (ரஹ்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

இப்னு சீனா, அர்ராஸி, அல்குவாரிஸ்மி ஆகிய பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலோ மதரஸாவிலோ கேட்டிருப்பார்கள். அதே காலத்து வரிசையில் நிற்கும் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கி (ரஹ்) அவர்களின் பெயர் நம்மில் பலருக்குப் புதிது. நிலப்படம் வரைந்தவர், குர்ஆனின் அமைப்பைப் பற்றி எழுதியவர், அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர் என்று பல முகங்கள் அவருக்கு உண்டு. இவற்றோடு, மனநோயை உடல்நோய்க்குச் சமமாக வைத்து, இரண்டுக்கும் ஒரே நூலில் வைத்தியம் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் அவர்.

இன்று நம் நாட்டில் மனநலத்துக்கென்று தேசியத் திட்டம் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இருக்கிறது. அவற்றின் அடிப்படையாக உள்ள சில கருத்துகளை 1100 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது பெருமை பேச மட்டும் அல்ல. நம் குடும்பங்களில் மூடி மறைக்கப்படும் ஒரு துன்பத்தை எப்படி அணுகுவது என்பதற்கும் அதில் பாடம் உண்டு.

பல்க் நாட்டுப் பிள்ளை

அபூ ஸைத் ஏறத்தாழ கி.பி. 850ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 235 வாக்கில் பிறந்தார். சொந்த ஊர் பல்க் நகரத்தை அடுத்த ஷாமிஸ்தியான் என்ற கிராமம். இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கே, மஸாரே ஷரீஃப் நகருக்கு அருகில் பல்க் இருக்கிறது. மவ்லானா ரூமியின் பூர்வீகமாக அறியப்படுவதும் இதே பல்க்தான். குராசான் பகுதியின் பெரிய நகரங்களில் ஒன்றாக அது அன்று விளங்கியது. வணிகர்களும் அறிஞர்களும் பல சமயத்தவரும் வந்து போகும் ஊர்.

தந்தை ஸிஜிஸ்தான் பகுதியிலிருந்து வந்தவர், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர். செல்வமோ குலப் பெருமையோ இல்லாத வீடு அது. அபூ ஸைதும் தொடக்கத்தில் தந்தையைப் போலவே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆசிரியராக இருந்தார். பிற்காலத்தில் பெயர் பெற்ற பிறகும் இந்தத் தொடக்கத்தை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மறக்காமல் குறித்து வைத்தார்கள்.

அவரது தோற்றத்தைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. நடுத்தர உயரம், மெலிந்த உடல், மாநிறம், முகத்தில் அம்மைத் தழும்புகள். அதிகம் பேசமாட்டார், ஆனால் பார்ப்பவருக்கு மரியாதை தோன்றும் அமைதி அவரிடம் இருந்தது. அம்மைத் தழும்பைச் சுமந்து வளர்ந்த ஒரு பிள்ளை, நோய் மனிதனுக்கு என்ன செய்யும் என்பதை வெளியிலிருந்து மட்டும் பார்த்து எழுதவில்லை என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

பக்தாதில் எட்டு ஆண்டுகள்

இளைஞரானதும் கல்வி தேடி இராக் நாட்டுக்குப் புறப்பட்டார். ஹஜ்ஜுக்குப் போகும் கூட்டத்தோடு சேர்ந்து கால்நடையாகவே போனதாக வரலாறு சொல்கிறது. இமாமத் பற்றிய மார்க்கக் கேள்விகளுக்கு விடை தேடுவது அப்போது அவரது நோக்கமாக இருந்தது. பக்தாதில் தங்கியது எட்டு ஆண்டுகள். அங்கே புகழ்பெற்ற தத்துவ ஞானி அல்கிந்தியிடம் பாடம் கேட்டார். தத்துவம், வானியல், மருத்துவம், இயற்கை அறிவியல் ஆகியவற்றைக் கற்றார். மார்க்கக் கல்வியையும் விடவில்லை. தேடி வந்த கேள்விகளில் நிதானமான முடிவுக்கு வந்து, பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார்.

தலைநகரில் கற்றவர்கள் தலைநகரிலேயே தங்கிவிடுவது அன்றும் வழக்கம். அபூ ஸைத் ஊர் திரும்பி, பிறந்த மண்ணிலேயே எழுதினார், கற்பித்தார். பல்க் நகரத்தின் பெயரே அவருக்கு அடையாளமாக நிலைத்தது. அபுல் ஹஸன் அல்ஆமிரி போன்ற பிற்காலத் தத்துவ அறிஞர்கள் அவருடைய மாணவர் மரபில் வந்தவர்கள்.

பதவியும் ஊதியமும்

அந்தக் காலத்தில் அறிஞர்கள் அமீர்களும் வஸீர்களும் கொடுக்கும் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தார்கள். அபூ ஸைதுக்கும் அப்படிச் சிலர் கொடுத்து வந்தனர். குர்ஆன் விளக்கங்களைக் குறித்து அவர் ஒரு நூல் எழுதியபோது, அதில் சொன்னது பிடிக்காமல் ஒருவர் தொகையை நிறுத்தினார். குர்பானி, அறுத்துப் பலியிடுதல் பற்றி இன்னொரு நூல் எழுதியபோது மற்றொருவரும் நிறுத்தினார். இரண்டாமவர் ஸாமானிய அரசின் வஸீரான ஜைஹானி. வருமானம் போகும் என்று தெரிந்தும் அபூ ஸைத் தம் கருத்தை மாற்றி எழுதவில்லை.

பின்னர் பல்க் நகரம் அஹ்மத் இப்னு ஸஹ்ல் என்ற தளபதியின் கைக்கு வந்தது. அவர் அபூ ஸைதை அழைத்து வஸீர் பதவியைக் கொடுக்க முன்வந்தார். அபூ ஸைத் அதை ஏற்கவில்லை. அந்தப் பதவி அவருடைய நண்பரும் முஃதஸிலாக் கொள்கையைச் சேர்ந்த அறிஞருமான அபுல் காஸிம் அல்கஃபிக்குப் போனது. அபூ ஸைத் அவருக்குக் கீழே காதிப், அதாவது அலுவலக எழுத்தர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

வஸீருக்கு ஆயிரம் திர்ஹம், எழுத்தருக்கு ஐந்நூறு திர்ஹம் என்று ஊதியம் நிர்ணயமானது. அபுல் காஸிம் தம் பங்கிலிருந்து நூறு திர்ஹத்தை எடுத்து அபூ ஸைதுக்குச் சேர்த்துக் கொடுக்கும்படி கருவூலக்காரரிடம் சொல்லிவிட்டார். எனவே இவருக்கு அறுநூறு, அவருக்குத் தொள்ளாயிரம். அதோடு, முழு நாணயங்களை அபூ ஸைதுக்குக் கொடுத்துவிட்டு, உடைந்து தேய்ந்த நாணயங்களைத் தாம் எடுத்துக்கொண்டார். கொள்கையில் வேறுபட்ட இரண்டு அறிஞர்கள் ஒரே அலுவலகத்தில் இப்படி வாழ்ந்தார்கள்.

சேர்த்த பணத்தில் அபூ ஸைத் தம் கிராமமான ஷாமிஸ்தியானில் நிலம் வாங்கினார். அந்த ஆட்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. அஹ்மத் இப்னு ஸஹ்ல் ஸாமானிய அமீரை எதிர்த்துத் தோற்று, சிறையிலேயே இறந்துபோனார். வஸீர் பதவியில் இருந்திருந்தால் அபூ ஸைதுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் பிரபலமானது. புகாராவில் இருந்த அமீர் அவரைத் தம் அவைக்கு அழைத்தார். அபூ ஸைத் புறப்பட்டு ஜைஹூன் ஆற்றங்கரை வரை போனார். ஆமூ தர்யா என்று இன்று அழைக்கப்படும் பேராறு அது. அதன் அகலத்தையும் வெள்ளத்தின் வேகத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டார். தமது அறிவுக்காகத்தான் அமீர் அழைத்திருக்கிறார் என்றால், இந்த ஆற்றைக் கடக்காதே என்பதுதான் அந்த அறிவு சொல்லும் முதல் யோசனை என்ற பொருளில் கடிதம் எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பினார். படித்த அமீர் அதை ரசித்து, ஊருக்குத் திரும்ப அனுமதித்தாராம். அச்சத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதிய மனிதர், தம் அச்சத்தை மறைக்காமல் அரசருக்கே எழுதியிருக்கிறார்.

உடலுக்கும் உள்ளத்துக்குமான நூல்

அபூ ஸைத் எழுதிய நூல்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை காலத்தில் அழிந்துவிட்டன. நிலப்படங்களோடு அவர் எழுதிய நூலின் வழியில் அல்இஸ்தக்ரி, இப்னு ஹவ்கல், அல்முகத்தஸி போன்றோர் தொடர்ந்து எழுதியதால், இஸ்லாமியப் புவியியலில் பல்கி மரபு என்றே ஒரு பிரிவு அறியப்படுகிறது.

நம் விஷயத்துக்கு வேண்டிய நூலின் பெயர் மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ். உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் என்று பொருள் கொள்ளலாம். நூல் இரண்டு பகுதி. உடலைப் பற்றிய முதல் பகுதியில் 14 அத்தியாயங்கள். குடியிருப்பு, காற்று, தண்ணீர், உடை, உணவு, உறக்கம், குளியல், உடற்பயிற்சி என்று அன்றாட வாழ்க்கையே அதில் மருத்துவமாகப் பேசப்படுகிறது. உள்ளத்தைப் பற்றிய இரண்டாம் பகுதியில் 8 அத்தியாயங்கள். முதல் நான்கு பொதுவானவை: உள்ளத்தைப் பேண வேண்டியதன் அவசியம், நலம் கெடாமல் காப்பது, கெட்டால் மீட்பது, உள்ளத்துக்கு வரும் கோளாறுகளின் வகைகள். அடுத்த நான்கும் நான்கு நோய்களுக்கு: கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ்.

மருத்துவர்கள் உடலை மட்டும் பார்க்கிறார்கள், உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன். உடல் நோயுற்றால் சிந்தனை தடுமாறுகிறது, உள்ளம் நோயுற்றால் உடல் சுகத்தை அனுபவிக்க முடியாமல் போகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு வைத்தியம் பார்த்தால் அது பாதி வைத்தியம்தான் என்பது அவர் வாதம்.

இன்னொரு முக்கியமான கருத்தையும் சொல்கிறார். சில உடல்நோய்கள் ஒருவருக்கு ஆயுள் முழுக்க வராமலே போகலாம். ஆனால் கோபம், பயம், கவலை இவற்றிலிருந்து முழுதாகத் தப்பியவர் எவரும் இல்லை. ஆகவே உள்ளத்தின் நோய் யாரோ சிலருக்கு வரும் கேவலம் அல்ல. அளவில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபாடு.

துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, காரணம் தெரிந்த துக்கம். அன்புக்குரியவரின் மரணம், பொருள் இழப்பு போன்றவற்றால் வருவது. இன்னொன்று, காரணமே தெரியாமல் நெஞ்சை அழுத்தும் துக்கம். இதற்கு வேர் உடலில் இருக்கிறது என்றார். முதல் வகைக்கு ஆறுதலும் சிந்தனையைத் திருத்துவதும் மருந்து. இரண்டாம் வகைக்கு உடலுக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். ஐரோப்பிய மனநல மருத்துவம் இதுபோன்ற ஒரு பிரிவைப் பேசத் தொடங்கியது அவருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

உடல்நலம் உள்ளபோதே அவசரத்துக்கு மருந்து வாங்கி வீட்டில் வைத்திருப்பதைப் போல, மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், சோதனை வரும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. தானாக முடியாதபோது வெளியிலிருந்து ஒருவரின் பேச்சும் ஆலோசனையும் வேண்டும் என்றும் சொன்னார். அச்சத்துக்கு, அஞ்சும் பொருளோடு சிறிது சிறிதாகப் பழகுவதை வழியாகக் காட்டினார். வஸ்வாஸால் அவதிப்படுபவர் தனிமையில் இருக்கக் கூடாது, மக்களோடு பழகி வேலையில் ஈடுபட வேண்டும் என்று எழுதினார். ஒளூவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, தொழுகையை முடித்தோமா இல்லையா என்று மணிக்கணக்கில் தவிக்கும் ஒருவர் நம் குடும்பத்தில் இருந்தால், இந்த அத்தியாயத்தின் அருமை நமக்குப் புரியும். அவரை ஈமான் குறைந்தவர் என்று திட்டுவதற்கு முன், இதை நோயாக எடுத்துக்கொண்டு மருந்து எழுதிய ஓர் அறிஞர் நம் வரலாற்றில் இருந்தார் என்பதை நினைக்க வேண்டும்.

அபூ ஸைத் (ரஹ்) ஹிஜ்ரி 322, கி.பி. 934ஆம் ஆண்டு பல்க் நகரில் வஃபாத் ஆனார்கள். எண்பது வயதைத் தாண்டிய நீண்ட வாழ்வு.

அவரது நூல் அதன் பிறகு பெரும்பாலோர் கண்ணில் படாமலே கிடந்தது. இஸ்தான்புல் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியை அறிஞர் ஃபுவாத் ஸெஸ்கின் 1984இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரிலிருந்து அப்படியே படியெடுத்து வெளியிட்டார். ஸூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டார். எண்ணங்களைத் திருத்தி மனநோயைக் குணப்படுத்தும் இன்றைய சிகிச்சை முறைக்கு அல்பல்கியின் வழி எவ்வளவு நெருக்கமானது என்பதை அவர் விளக்கிக் காட்டினார்.

அரசும் வக்ஃபும் செய்த வேலை

ஒரு நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நோயாளிக்குப் படுக்கையும் மருந்தும் அது தராது. அதை ஏற்பாடு செய்ய அரசும் சமுதாயமும் வேண்டும். முஸ்லிம் ஆட்சியாளர்கள் இதை மாரிஸ்தான் எனப்படும் மருத்துவமனைகள் மூலம் செய்தார்கள்.

எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் கி.பி. 870களில் ஒரு மாரிஸ்தான் கட்டினார். அதில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவர் நேரில் வந்து பார்வையிடுவார். ஒருநாள் ஒரு மனநோயாளி மாதுளம்பழம் கேட்டு வாங்கி, அதை அமீர் மீதே வீசிவிட்டார். அதன் பிறகு அமீர் அங்கே வரவில்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். அமீர் வராவிட்டாலும் மருத்துவமனை நின்றுவிடவில்லை. ஏனென்றால் அதன் செலவுக்கு வருமானம் தரும் சொத்துகள் வக்ஃபு செய்யப்பட்டிருந்தன. ஒரு மனிதரின் இரக்கத்தை நம்பி இல்லாமல் நிலையான ஏற்பாட்டின் மேல் அது நின்றது. அரசுக் கொள்கை என்று இன்று நாம் சொல்வதும் இதைத்தான்.

பின்னர் 1154இல் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி கட்டிய மாரிஸ்தான், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மாரிஸ்தான், 1488இல் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனை ஆகியவை புகழ்பெற்றன. ஏழை, பணக்காரர் என்று பாராமல் இவற்றில் மருத்துவம் கிடைத்தது. மனநோயாளிகளும் நோயாளிகளாகவே சேர்க்கப்பட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆங்கிலேயர் கொண்டுவந்த 1858, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் மனநோயாளியை அடைத்து வைப்பதைப் பற்றியே பெரிதும் கவலைப்பட்டன. மாற்றம் வந்தது 1982இல், தேசிய மனநலத் திட்டத்தோடு. மனநல சிகிச்சையைத் தனிக் கட்டடத்தில் பூட்டி வைக்காமல், பொது மருத்துவத்தோடு இணைத்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோவது அதன் நோக்கம். உடலையும் உள்ளத்தையும் பிரிக்காதே என்று அல்பல்கி நூலில் எழுதியதை, அவர் பெயர் அறியாமலே, ஓர் அரசு திட்டமாக எழுதியது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. 2014இல் தேசிய மனநலக் கொள்கை வந்தது.

இதற்கிடையே நம் சமுதாயம் மறக்க முடியாத ஒரு துயரம் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். பல மதத்தைச் சேர்ந்த குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளை, கணவன்மாரை, சகோதரிகளை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில், ஏர்வாடியிலும் குஜராத்தின் உனாவா மீரா தாத்தார் தர்காவிலும், துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மருத்துவர்கள் தர்கா வளாகத்துக்கே வரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று நம் கையில் உள்ள வலுவான ஆயுதம். அதன் முக்கிய அம்சங்களை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்:

அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்க வேண்டும்.

தமக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் உரிமை உண்டு.

உடல்நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனங்கள் மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமை அரசுக்கு உண்டு.

இத்தனை இருந்தும் நிலைமை என்ன? 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பது தெரிந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். தமிழ்நாடும் அந்த 12 மாநிலங்களில் ஒன்று.

காரைக்காலுக்கு ஏன் இது அவசரம்?

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1739இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தலைநகரான புதுச்சேரி 130 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2 லட்சம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டில் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 12.4. புதுச்சேரியில் அது 29.7. நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நாட்டிலேயே அதிக விகிதம் உள்ள பகுதிகளின் வரிசையில் நம் பிரதேசமும் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற கடற்கரைக் கிராமங்கள் பட்ட பாட்டையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. காரணம் தெரிந்த துக்கம் என்று அல்பல்கி எழுதியதன் முழுப் பொருளும் அந்தக் கரையில் இருக்கிறது.

நம் குடும்பங்களுக்கென்று சில சுமைகள் உண்டு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பிரான்ஸிலோ இருக்கும் கணவர், இங்கே பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் தனியாகச் சமாளிக்கும் பெண். அங்கே ஒரே அறையில் பலரோடு தங்கி, கடனை நினைத்துத் தூக்கம் வராமல் புரளும் வாப்பா. பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணமில்லாமல் அழும் மகள். தேர்வுக்குப் பயந்து பேச்சைக் குறைத்துவிட்ட மகன். இவர்களுக்கு முதலில் கிடைக்கும் பெயர் சோம்பல், பிடிவாதம், இல்லாவிட்டால் ஜின் கோளாறு அல்லது செய்வினை. வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. நோய் முற்றுவது அந்த மாதங்களில்தான்.

ஓதிப் பார்ப்பதையோ துஆ கேட்பதையோ விட்டுவிடச் சொல்லவில்லை. அல்லாஹ்வே ஷிஃபா அளிப்பவன். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் அவன் மருந்தை இறக்கியிருக்கிறான் என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் கற்றுக்கொடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டே துஆ கேட்கும் நாம், மனநோய்க்கு மட்டும் மாத்திரையைத் தள்ளி வைப்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

செய்யக்கூடியவை நம் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம். அரசுப் பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமை இயங்குகிறது என்பதை ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் கேட்டறிந்து பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். ஜும்ஆ பயானில் வருடத்துக்கு ஓரிரு முறையாவது இதைப் பற்றிப் பேசும்படி இமாம்களைக் கேட்டுக்கொள்ளலாம். மனநல மருந்து வாங்க வசதியில்லாதவருக்கு பைத்துல் மால் உதவலாம். மாரிஸ்தான்களை நடத்தியது வக்ஃபுதான் என்பதை நம் நிர்வாகிகளுக்கு நினைவூட்டலாம். வீட்டில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், அதை மிரட்டல் என்று எண்ணாமல் அவரைத் தனியே விடாது உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

அபூ ஸைத் அல்பல்கியின் நூல் நெடுங்காலம் பெரும்பாலோர் கண்ணில் படாமலே இருந்தது. அதில் இருந்த மருந்து அத்தனை காலமும் மருந்தாகத்தான் இருந்தது, எடுத்துப் படிக்க ஆள் இல்லை. இன்று நம் நாட்டின் மனநலச் சட்டத்துக்கும் அந்த நிலைமை வந்துவிடக் கூடாது. அதை எடுத்துப் பயன்படுத்தும் பொறுப்பு அரசுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு நமக்கும் உண்டு.

உள்ளத்தால் துன்புறும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. அவர்களைத் தாங்கும் பொறுமையையும் அறிவையும் நம் குடும்பங்களுக்குத் தருவானாக. இந்த அறிவை நமக்கு விட்டுச் சென்ற அறிஞர் பெருமக்கள் மீது ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.